கொல்லிமலையில் விழாத வண்டி

கொல்லிமலைப் பாதையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் ஏறி இறங்கி, ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்த வண்டி எங்கள் வீட்டு வாசலில் விழுந்தது. என்ன வேகத்தில் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் எறும்பு போயிருந்தால் முந்தியிருக்கும்.

வகுப்பில் இரண்டு மாதம் எனக்கு 'ராம்ப் வாக்' என்றுதான் பெயர். சரி, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் சிரித்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வண்டிக்கு அடியில் இருந்தது அப்பாவின் வலது கால். இரண்டு விரல் எலும்பு முறிவு. அப்பா அச்சகத்தில் வேலை பார்க்கிறார், நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்கிற வேலை. ஆறு வாரம் நிற்க முடியவில்லை. ஆறு வாரமும் சம்பளம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெரிய பைக் வாங்கும் ஆசையில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வாங்கிவிட்டவர்கள் இன்னும் பொறுமையாக.

வண்டி என்னுடையது அல்ல. பெரியப்பா பையன், எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன், 2020-இல் ஆசைப்பட்டு வாங்கிய ஹிமாலயன் 411. (பெயர்தான் ஹிமாலயன். பிறந்தது சென்னைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில்.) வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது, "சும்மா நிறுத்தி வச்சா கெட்டுப் போயிடும்டா, நீ ஓட்டு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்குக் கை கால் ஓடவில்லை. அதுவரை நான் ஓட்டியது அப்பாவின் ஸ்ப்ளெண்டர். அது 110 கிலோ சுற்றுக்கு இருக்கும். ஹிமாலயன் பெட்ரோலோடு சேர்த்து 199 கிலோ. அதற்கு மேல் அண்ணன் மாட்டி வைத்திருந்த இரும்பு லெக் கார்டு, சைடு பாக்ஸ் எல்லாம் வேறு.

ரோட்டில் அந்த எடை தெரியவே தெரியாது. அதுதான் ஏமாற்று. மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும், சின்னக் குழந்தைகூட ஓட்டலாம் போல் இருக்கும். முதல் நாள் நூறடி ரோட்டில் ஓட்டிவிட்டு, "இதுக்கா இவ்ளோ பயந்தோம்" என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன். கேட்டுக்கு முன்னால் நின்றபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது.

எங்கள் வாசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்சென்னைப் புறநகர். ஒரு காலத்தில் ஏரியின் ஓரமாக இருந்த இடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். என் பத்தாம் பிறந்தநாள் சைக்கிள் மிதந்துகொண்டு போய்ச் சமையலறை ஜன்னலில் சிக்கி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் அப்பா செய்த முதல் காரியம் கடன் வாங்கியது. இரண்டாவது காரியம், தரையையும் போர்ட்டிகோவையும் உயர்த்தியது. இப்போது தெருவிலிருந்து எங்கள் கேட் வாசல் சரியாக ஒன்றரை அடி உயரம். தெருவுக்கும் கேட்டுக்கும் நடுவே மழைநீர் வடிகால். அதன் மேல் சிமென்டில் நாலடி நீளத்துக்கு ஒரு ராம்ப். அகலம் மூன்றரை அடி. இரண்டு பக்கமும் வெறும் பள்ளம்.

நாலடி நீளத்தில் ஒன்றரை அடி ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட 20 டிகிரி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அந்தக் கணக்கில் எங்கள் வாசலுக்குப் பதினெட்டு அடி ராம்ப் வேண்டும். இருப்பதோ நாலு. ஸ்ப்ளெண்டருக்கு அது போதும், கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் தாவி ஏறிவிடும். அப்பா பத்து வருஷமாக அப்படித்தான் ஏற்றுகிறார்.

பிளஸ் ஒன் இயற்பியலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சரிவில் நிற்கும் பொருளைக் கீழே இழுக்கும் விசை, எடையை சைன் கோணத்தால் பெருக்கினால் வருவது. 199 கிலோ வண்டி, 20 டிகிரி சரிவு: கிட்டத்தட்ட 70 கிலோ. அதாவது அந்த ராம்ப்பில் வண்டி சும்மா நிற்பதற்கே, ஒரு வளர்ந்த ஆள் கயிற்றைக் கட்டித் தொங்குகிற மாதிரியான இழுப்பு. என் எடை 58 கிலோ. நான் அந்த வண்டியைப் பிடித்து நிறுத்துகிறேன் என்று சொன்னதே பொய்.

ஏற்றுவது ஒரு மாதிரி பழகிவிட்டது. முதல் கியரில், கிளட்ச்சைப் பாதி விட்டு, பார்வையை முன் சக்கரத்தில் வைக்காமல் போர்ட்டிகோ சுவரில் வைத்து, ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும். நடுவில் நின்றால் தொலைந்தோம். ஏனென்றால் நின்றதும் கால் ஊன்ற வேண்டும். மூன்றரை அடி அகல ராம்ப்பின் நடுவே வண்டி நிற்கிறது, சீட் உயரம் 80 சென்டிமீட்டர். காலை அகட்டி வைத்தால் பாதம் விழும் இடம் ராம்ப்பின் விளிம்பு. விளிம்புக்கு அப்பால் பள்ளம். இதை யோசித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். சமதளத்தில் எட்டும் கால், சரிவில் எட்டாது. கால் குட்டை என்பதால் அல்ல, தரை அங்கே இல்லை என்பதால்.

இறக்குவதுதான் வினை. மூக்கை உள்ளே விட்டு ஏற்றிய வண்டி, பின்பக்கமாகத்தான் வெளியே வரும். நான் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். இரண்டு காலாலும் தரையைத் தட்டித் தட்டிப் பின்னால் வருவேன். அப்பா தெருவில் நின்று பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தாங்கிக்கொள்வார். "வா... வா... வா... மெதுவா..." என்று அவர் சொல்ல, நான் முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க, மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் அதுதான் சரியான வழி என்று இருவருமே நம்பிவிட்டோம்.

போன ஐப்பசியில் ஒரு காலை. இரவு முழுக்கப் பெய்து விட்டிருந்தது. ராம்ப்பில் லேசாகப் பாசி. பின் சக்கரம் கேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கியதும் நான் முன் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது. சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை.

ஏன் என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டி பின்பக்கமாகச் சரிவில் இறங்கும்போது கீழே இருப்பது பின் சக்கரம். பாரம் பெரும்பகுதி அதன் மேல் போய்விடும். மேலே இருக்கும் முன் சக்கரத்துக்கு மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பாரம் இல்லாத சக்கரத்தில் பிரேக் பிடித்தால், அதுவும் ஈரச் சிமென்டில், வழுக்காமல் என்ன செய்யும்? பிடிக்க வேண்டியது பின் பிரேக். ஆனால் அது வலது காலுக்கு அடியில் இருக்கிறது, வலது காலோ தரையைத் தேடிக்கொண்டிருக்கிறது. சாலையில் முன் பிரேக்தான் ராஜா என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். அது முன்னால் போகிற வண்டிக்கு. பின்னால் சரிகிற வண்டிக்கு ராஜா வேறு.

முன் சக்கரம் வழுக்கியதும் ஹேண்டில்பார் திரும்பியது. இடது காலை ஊன்றினேன், அங்கே ஒன்றும் இல்லை. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. சாய ஆரம்பித்த வண்டி பத்து டிகிரி வரைக்கும் பேச்சுக்குக் கட்டுப்படும். அதுவரை ஹேண்டில் உயரத்தில் இருபது கிலோ இழுப்பு போதும், நிமிர்ந்துவிடும். முப்பது டிகிரிக்கு வந்துவிட்டால் அறுபது கிலோ. அதைத் தாண்டினால் யாராலும் முடியாது. பத்துக்கும் முப்பதுக்கும் நடுவே நமக்குக் கிடைப்பது கண் சிமிட்டும் நேரம். அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது, வண்டியை விட்டுவிட்டு விலகுவது. அப்பா செய்திருக்க வேண்டியதும் அதுவே. இருவருமே செய்யவில்லை. அண்ணன் வண்டியாயிற்றே! அப்பா பிடித்த கம்பியை விடாமல் இழுத்தார். லெக் கார்டு வடிகால் விளிம்பில் மோதித் திரும்பியது, சைடு பாக்ஸ் அவர் பாதத்தின் மேல் இறங்கியது.

வண்டிக்கு ஆன சேதம்: ஒரு கிளட்ச் லீவர், ஒரு கண்ணாடி, பாக்ஸில் ஒரு நசுங்கல். அவ்வளவுதான்.

இதில் என் முதல் கருத்து, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: சரிவில் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் மனிதரை நிறுத்தாதீர்கள். அப்பாவை, தம்பியை, வாட்ச்மேனை, போகிற வருகிற நல்லவரை, யாரையும். 70 கிலோ இழுப்பை அவர் தாங்குவார் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கதை. உதவிக்கு ஆள் வேண்டும்தான், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நிற்க வேண்டியது வண்டிக்குப் பக்கவாட்டில், வண்டி ஓடினால் அவர் மேல் ஓடாத இடத்தில். "விழுந்தா விட்டுடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லீவர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். விரல் கிடைக்காது.

அடுத்தது, இதையெல்லாம் எனக்கு ஏன் யாரும் சொல்லித்தரவில்லை என்ற கோபம்.

லைசென்ஸுக்கு நாம் எல்லோரும் எட்டு போட்டிருக்கிறோம். காலை ஊன்றாமல் எட்டு போடு என்பது உண்மையில் அருமையான பரீட்சை. மெதுவாக ஓட்டும் திறமை அது ஒன்றில்தான் தெரியும். ஆனால் என் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், எதில் எட்டு போட்டாய் என்று. இருப்பதிலேயே லேசான வண்டி எது என்று தேடி, யாரிடமாவது இரவல் வாங்கித்தான். நானும் அப்படித்தான். 18 வயதில் கியர் வண்டி என்று ஒரு லைசென்ஸ் கையில் வந்துவிட்டால், நூறு சிசி வண்டிக்கும் அதுதான், ஏறத்தாழ 380 கிலோ எடையுள்ள ஹோண்டா கோல்ட் விங்குக்கும் அதுதான். பிரிட்டனில் பைக் உரிமத் தேர்வின் ஒரு பகுதியே, இன்ஜின் இல்லாமல் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திக்காட்டுவது. ஜப்பானில் பெரிய பைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளில் கீழே படுக்க வைத்த பைக்கைத் தூக்கி நிறுத்தச் சொல்வது வழக்கம். நம் ஊரில் தள்ளுவது, தூக்குவது எல்லாம் பரீட்சை இல்லை. அது ஆம்பளைக்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டிய சமாச்சாரம்!

ஷோரூமும் அப்படியே. டெஸ்ட் ரைடு என்று சமதளமான பெரிய ரோட்டில் ஒரு ரவுண்டு விடுவார்கள். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். "உங்க வீட்டு வாசல் எப்படி சார்?" என்று எந்த விற்பனையாளராவது கேட்டிருக்கிறாரா? விளம்பரத்தில் பனி மலை, பாலைவனம், ஆற்றைக் கடக்கிற காட்சி. கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே வைக்கிற காட்சி ஒரு விளம்பரத்திலும் இல்லை. லடாக்குக்கு வாழ்நாளில் ஒருமுறை போவோமா என்பதே சந்தேகம், வாசலில் வருஷத்துக்கு எழுநூறு தடவை ஏறி இறங்குகிறோம்.

வண்டி தயாரிப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாமல் இல்லை. ஹோண்டா 1988 மாடல் கோல்ட் விங்கிலேயே ரிவர்ஸ் வைத்துவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாரையே பயன்படுத்தி வண்டியைப் பின்னால் நகர்த்தும் ஏற்பாடு. ஆறு சிலிண்டர் வண்டிக்காரரின் முதுகெலும்பைப் பற்றி அன்றைக்கே கவலைப்பட்டிருக்கிறார்கள். இரண்டு லட்சம் கொடுப்பவருக்கும் முதுகெலும்பு இருக்கத்தான் செய்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். அப்பா கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த வாரம், வண்டியை எடுத்துப் போக மெக்கானிக் அண்ணன் வந்தார். ஒல்லியான மனிதர். என்னைவிட எடை குறைவாகத்தான் இருப்பார். நான் ஓடிப்போய்ப் பின்னால் பிடிக்கப் போனேன். "தம்பி, அங்க நிக்காத. இந்தப் பக்கம் வந்து சும்மா பாரு" என்றார்.

அவர் வண்டியில் ஏறவே இல்லை. இடது பக்கம் நின்று, இடுப்பைச் சீட்டில் ஒட்டவைத்து, வண்டியைத் துளி தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். வலது பக்கம் சாய்ந்தால் பிடிக்க முடியாது, தன் பக்கம் சாய்ந்தால் இடுப்பு தாங்கும். முதலில் போர்ட்டிகோவுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை நகர்த்தி, வண்டியின் மூக்கைத் தெருப் பக்கம் திருப்பிவிட்டார். இவ்வளவு நாள் எனக்குத் தோன்றாத விஷயம்! சமதளத்தில் திருப்ப எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும், சரிவில் மூக்கு கீழே பார்க்க இறங்க வேண்டும். அப்போது பாரம் முன் சக்கரத்துக்கு வரும், முன் பிரேக் உண்மையிலேயே பிடிக்கும்.

அதற்கடுத்தது இன்னும் அழகு. இன்ஜினை அணைத்துவிட்டு முதல் கியரைப் போட்டார். கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி நகரும். விட்டால் இன்ஜினே சக்கரத்தைக் கட்டிப்போட்டுவிடும். கிளட்ச்சை நூல் பிடித்த மாதிரி விட்டு விட்டு, ஒவ்வொரு அடியாக இறக்கினார். முன் பிரேக்கில் இரண்டு விரல் சும்மா துணைக்கு. ஹேண்டில் நேராக இருக்கும்வரை மட்டும் அதைத் தொட்டார். திருப்பின ஹேண்டிலில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும் என்றார். வண்டி தெருவில் போய் நின்றது. வேர்க்கக்கூட இல்லை அவருக்கு.

"பலத்துல என்ன தம்பி இருக்கு. பலம் பாத்தா அது ஜெயிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

கீழே விழுந்த வண்டியைத் தூக்கும் விதத்தையும் அவரிடமே கேட்டேன். நான் அன்று ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து இழுத்து, முதுகு பிடித்துக்கொண்டு நின்றவன். அப்படி இல்லையாம். சாவியை அணைத்து, கியரில் போட்டுவிட்டு, வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில் முனை, ஒரு கையில் பின்கம்பி பிடித்து, முதுகை நேராக வைத்துக் கால்களால் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். செய்து பார்த்தேன். காலியான வண்டியை 58 கிலோ உடம்பு தூக்கியது. இரண்டு பாக்ஸையும் கழற்றிய பிறகுதான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நிறுத்துவதைப் பற்றியும் ஒரு வரி. சரிவில் சைடு ஸ்டாண்டு போட வேண்டி வந்தால் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கட்டும், முதல் கியரில் இருக்கட்டும். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் வண்டி நகர்ந்து ஸ்டாண்டு தானே மடங்கிவிடும்.

இதெல்லாம் கற்றுக்கொண்டதோடு விஷயம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. வீட்டில் பெரிய பஞ்சாயத்தே அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

கட்டுப் பிரித்ததும் அப்பா சொன்னார்: "ராம்ப்பை எட்டடியா நீட்டிடலாம். எதிர் வீட்ல நீட்டலயா?" கணக்குப்படி அது நல்ல யோசனை. எட்டடி என்றால் சரிவு 10 டிகிரி சொச்சம், இழுப்பு 70-லிருந்து 37 கிலோவாகிவிடும். ஆனால் அந்தக் கூடுதல் நாலடி எங்கிருந்து வரும்? தெருவிலிருந்து. எங்கள் தெரு இருபது அடி. எதிர் வீட்டு ராம்ப் ஏற்கெனவே ஐந்தடி வெளியே வந்திருக்கிறது. இரண்டும் எதிரெதிரே நீண்டால் தண்ணீர் லாரி போகிற நேரத்தில் நடக்கிறவர் எங்கே போவார்? எங்கள் வரிசையில் ஒரு பாட்டி தினமும் காலையில் கோயிலுக்குப் போகிறார். ஓரமாக நடக்கவே முடியாது அவருக்கு. ராம்ப் ராம்ப்பாக ஏறி இறங்க முழங்கால் விடாது, அதனால் தெரு நடுவில் நடக்கிறார். என் வண்டி சுகமாக ஏறுவதற்காக அவரை இன்னும் இரண்டு அடி நடுவே தள்ளுவதா?

அதைவிடப் பெரிய விஷயம், அடியில் இருக்கிற வடிகால். அதன் மேல் கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிட்டால் தூர் வார ஆளும் இறங்க முடியாது, கருவியும் இறங்காது. எல்லா வீட்டிலும் இப்படியே மூடினால் மழைக்குத் தண்ணீர் எங்கே போகும்? வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்தினோம். உயர்த்திய வீட்டில் வண்டி ஏற ராம்ப் போட்டோம். ராம்ப் வடிகாலை அடைத்தால், வெள்ளத்தை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்.

தெருவும் சும்மா இருப்பதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கிறது. பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்வதும், அதற்குப் பயந்து வீடுகள் உயர்வதும், ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவதும் சென்னையில் பழகிப்போன காட்சி. 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். தெரு மட்டம் ஏறாமல் நின்றால் வீடுகளும் ஏற வேண்டியதில்லை. பெரிய பைக் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நான் சொன்ன மாற்று: சரிவை வெளியே நீட்ட வேண்டாம், உள்ளே இழுப்போம். போர்ட்டிகோவில் ஒரு ஓரமாக நாலடி அகலத்துக்கு, எட்டடி நீளத்துக்குத் தரையை வெட்டிச் சாய்த்துவிட்டால், வெளியே நாலு, உள்ளே எட்டு, மொத்தம் பன்னிரண்டடி. சரிவு 7 டிகிரி, இழுப்பு 25 கிலோ. அதை என் தங்கையே தாங்குவாள். தெருவில் ஒரு அங்குலம்கூடக் கூடாது. கேட் வாசலில் இப்போது இருக்கும் அந்தக் கூர்மையான மடிப்பும் போய்விடும். (ஹிமாலயனுக்குத் தரையிடைவெளி 22 சென்டிமீட்டர் என்பதால் அடி இடிக்காமல் தப்பிக்கிறது. சூப்பர் மீட்டியார் மாதிரி 13.5 சென்டிமீட்டர் வண்டியாக இருந்தால் 20 டிகிரி மடிப்பில் வயிறு உரசும். தாழ்வான க்ரூஸர் வாங்க நினைப்பவர்கள் ஒரு டேப்பை எடுத்து வாசலை அளந்துவிட்டுப் போங்கள்.)

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "கேட் எவ்ளோ கீழ இறங்கும்?"

ஒரு அடி.

"அப்ப தண்ணியும் ஒரு அடி முன்னாடியே உள்ள வரும்."

எனக்குப் பதில் இல்லை. அவர் சொல்வது சரி. வீட்டுத் தரை போர்ட்டிகோவைவிட இரண்டு படி உயரம், அதனால் வீட்டுக்குள் உடனே வராது. ஆனால் சம்ப் போர்ட்டிகோவில்தான் இருக்கிறது. தெருத் தண்ணீர் சம்ப்பில் இறங்கிவிட்டால் குடிக்கவும் சமைக்கவும் ஒன்றும் மிஞ்சாது. 2015-இல் அம்மா மொட்டை மாடியில் பாத்திரங்களை வரிசையாக வைத்து மழைத்தண்ணீர் பிடித்தாள். அந்த ஒரு அடிக்காக அப்பா வாங்கிய கடன் போன வருஷம்தான் முடிந்தது. நான் அதை வெட்டு என்கிறேன். எதற்காக? அண்ணன் விட்டுப்போன ஒரு மோட்டார் சைக்கிளுக்காக.

வண்டியை விற்றுவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். அண்ணனிடம் போனில் பேசியும்விட்டேன். அவன் "உன் இஷ்டம்டா" என்றான், குரல் அப்படிச் சொல்லவில்லை. ஆச்சரியம், வேண்டாம் என்று தடுத்தது அப்பா. "வண்டி போனாலும் இந்த ராம்ப் இப்படியேதான இருக்கும். உங்க அம்மா ஸ்கூட்டில இறங்குறா. நாளைக்கு எனக்கே கைத்தடி வந்துடும்" என்றார். விரல் ஒடிந்து ஆறு வாரம் அந்தச் சரிவில் ஒரு காலில் ஏறி இறங்கியவர் சொல்கிறார், மறுக்க முடியுமா?

இப்போது பேச்சுவார்த்தை இந்த இடத்தில் நிற்கிறது. சம்ப்பின் வாயைச் சுற்றி ஒன்றேகால் அடி உயரத்துக்குக் கட்டை கட்டி, மூடியை ரப்பர் வைத்து இறுக்குவது. கேட்டின் அடியில் தகடு பற்றவைத்து இடைவெளியை மூடுவது. மழைக்காலத்தில் கேட் வாசலில் செருகிக்கொள்ள ஒரு அடி உயரப் பலகை, இரண்டு பக்கமும் அதற்குக் காடி. சரிவின் மேல்பரப்பை வழவழப்பாகப் பூசாமல் குறுக்குக் கோடு போட்டு விடுவது, பாசிக்கு. கொத்தனார் பார்த்துவிட்டு, நான்கு நாள் வேலை என்றார். கட்டை உயரம் ஒன்றேகால் போதாது, இரண்டடி வேண்டும் என்கிறார் அப்பா. இரண்டடி கட்டினால் வண்டியைத் திருப்ப இடம் இருக்குமா என்று நான் அளந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று கல்லூரியிலிருந்து வந்தபோது வண்டியை தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன். போர்ட்டிகோத் தரையில் யாரோ சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள். கேட்டிலிருந்து எட்டடி, சம்ப்பை ஒட்டி வளைந்து. அப்பா ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவ வண்டிய உள்ள எடுத்துட்டு வா. ஹேண்டில் இடிக்குதான்னு பாக்கணும்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து, எங்கே நிற்பது என்று யோசித்து, சுவர் ஓரமாகப் போய் நின்றார்.